வட்டைப் பிரிக்கும் பிள்ளையிடம் கேட்க வேண்டிய கேள்வி



பள்ளி விடுமுறை வந்தால் கியா பார்ம் வட்டாரப் பெற்றோர் பலர் ஒரே குறையைச் சொல்வர்: “பையன் எந்நேரமும் கேமும் கையுமாக இருக்கிறான்.” அண்மைக் காலமாக அதனுடன் ஐயம் ஒன்றும் சேர்ந்துள்ளது. “கணினியில் ஐஎஸ்ஓ என்கிறான், போல்டர் என்கிறான். இது படிப்பா, திருட்டா?” இரண்டுமாக இருக்கக்கூடும் என்பதே என் கருத்து. அதனால்தான் பெரியவர்கள் இதனைப் புரிந்துகொள்ள வேண்டியுள்ளது.

முதலில் செய்தியைத் தெளிவாக்குவோம். பிளேஸ்டேசன் 3 விளையாட்டுக் கருவி 2006 நவம்பரில் வெளிவந்தது. அதன் விளையாட்டுகள் புளூரே வட்டில் வந்தன. ஓரடுக்கு வட்டு 25 ஜிகாபைட் கொள்ளும். ஈரடுக்கு வட்டு 50 கொள்ளும். வட்டில் உள்ள அனைத்தையும் ஒரே கோப்பாகப் படியெடுத்தால் அது வட்டுப் படிமம். பிள்ளைகள் சொல்லும் ஐஎஸ்ஓ இதுவே. ஆனால், அக்கருவியுடன் இணைக்கும் வெளி வன்தட்டு ‘பேட்32’ என்னும் முறையில் அமைந்திருக்க வேண்டும். அம்முறை 4 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட தனிக் கோப்பை ஏற்காது. ஆகவே பெரிய படிமத்தைப் பிரித்துக் கோப்புறையாக்குகிறார்கள். லாரியில் வந்த காய்கறி மூட்டையைக் கியா பார்ம் சந்தையில் அவிழ்த்து, வகைவகையாக அடுக்குவது போன்றது இது. சரக்கு ஒன்றே, அடுக்கும் முறைதான் வேறு.

அந்த அடுக்கில் ஒழுங்கு உண்டு. ‘பிஎஸ்3_கேம்’ என்னும் உறைக்குள் விளையாட்டின் பெயரையும் எண்ணையும் தாங்கிய சிறு கோப்பு ஒன்றிருக்கும். அதற்கும் உள்ளே இருக்கும் உறையில் விளையாட்டை இயக்கும் முதன்மைக் கோப்பு இருக்கும். ஒன்றை இடம் மாற்றினாலோ பெயரில் ஓரெழுத்தை மாற்றினாலோ விளையாட்டு தொடங்காது. இதைச் செய்து முடிக்கும் பன்னிரண்டு வயதுப் பிள்ளை கோப்பளவு, அடுக்குமுறை, பிழை தேடல், பொறுமை ஆகியவற்றை எவரும் கற்பிக்காமலேயே கற்கிறான். இதனை இகழ நமக்கு உரிமையில்லை. முரசு அஞ்சலில் பழைய குறியாக்கத்தில் தட்டெழுதிய வினாத்தாள்களை யூனிகோடுக்கு மாற்றிய ஆசிரியர்களுக்கு இவ்வேலையின் அருமை தெரியும். உள்ளடக்கம் குலையாமல் வடிவத்தை மாற்றுவது எளிய செயலன்று.

எனினும், மறுபக்கத்தையும் நோக்க வேண்டும். பூட்டு அவிழ்க்கப்படாத கருவி இக்கோப்புறையை ஏற்காது. 2010 ஆகஸ்டில் யுஎஸ்பி துளையில் செருகும் சிறு கருவி ஒன்றின்வழி அப்பூட்டு திறக்கப்பட்டது. 2011 சனவரியில் ஜார்ஜ் ஹாட்ஸ் என்னும் அமெரிக்க இளைஞர் அதன் மறைதிறவியை வெளியிட, சோனி நிறுவனம் வழக்குத் தொடுத்தது; அவ்வாண்டு ஏப்ரலில் இணக்கம் காணப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. நம் நாட்டில் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் 2012இல் திருத்தப்பட்டபோது, இத்தகைய பூட்டுகளை உடைப்பது, சில விதிவிலக்குகள் நீங்கலாக, தடை செய்யப்பட்டது. அதே சட்டம் மென்பொருளை முறையாக வாங்கியவர் காப்புப் படி எடுத்துக்கொள்ள இடமளிக்கிறது. காப்புப் படிக்கு இடமுண்டு, பூட்டை உடைக்கத் தடையுண்டு என்றால் குழப்பம் எழுவது இயல்பே. அக்குழப்பத்தை மறைத்து, “எல்லாம் சரி” என்றோ “எல்லாம் திருட்டு” என்றோ பிள்ளையிடம் சொல்வது நேர்மையாகாது.

பாதுகாப்புக்காகத்தான் இது என வாதிடுவோரும் உளர். அதில் உண்மை உண்டு. 2021 மார்ச்சில் பிளேஸ்டேசன் 3 இணையக் கடையை மூடப்போவதாகச் சோனி அறிவித்து, எதிர்ப்பு எழுந்தபின் ஏப்ரலில் கைவிட்டது. எக்ஸ்பாக்ஸ் 360 கடை 2024 சூலையில் மூடப்பட்டே விட்டது. அமெரிக்காவில் 2010க்கு முன் வெளிவந்த விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று விற்பனையில் இல்லை என 2023இல் வெளிவந்த ஆய்வொன்று கூறியது. ஓலைச்சுவடி செல்லரித்துப் போனதை அறிந்த இனம் நாம். அழிவின் வலி நமக்குப் புதிதன்று. ஆனால், தன்னிடம் உள்ள வட்டு தேய்ந்துபோகும் எனப் படியெடுப்பவனும், வாங்காத இருபது விளையாட்டுகளை இறக்கி வன்தட்டை நிரப்புபவனும் ஒரே காரியத்தைச் செய்யவில்லை. பின்னவன் பாதுகாப்பைப் பற்றிப் பேசுவது சாக்கு.

இங்கே பெரியவர்களையும் ஒன்று கேட்கிறேன். உள்நாட்டுத் தமிழ் எழுத்தாளர் கைப்பொருளைச் செலவிட்டு அச்சிட்ட நூலை வருடி, பிடிஎப் ஆக்கிப் புலனக் குழுக்களில் பகிர்வோர் நம்மிடையே இல்லையா? பயிற்சி நூல் ஒன்றை வாங்கி, வகுப்பு முழுமைக்கும் நகலெடுக்கும் பழக்கம் எத்தனை பள்ளிகளில் உள்ளது? அதைக் கண்டு வளரும் பிள்ளையிடம், “விளையாட்டை இறக்காதே” என்றால் அச்சொல் எடுபடாது.

ஆகவே, கருவியைப் பிடுங்கி வைப்பது தீர்வன்று. பிள்ளையின் அருகில் அமர்ந்து மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்த வட்டு யாருடையது? இதை உருவாக்கியவருக்கு நாம் ஏதேனும் கொடுத்தோமா? இதே திறனைப் பூட்டே இல்லாத இடத்தில் பயன்படுத்த முடியுமா?

மூன்றாம் கேள்விக்கு விடை உண்டு. உபுண்டு போன்ற கட்டற்ற இயங்குதளங்களும் ஐஎஸ்ஓ வடிவில்தான் கிடைக்கின்றன. அவற்றை இறக்கலாம், பிரித்துப் பார்க்கலாம், நண்பனுக்கும் கொடுக்கலாம். உரிமம் அதற்கு இடமளிக்கிறது. பள்ளியின் பழைய குறுவட்டுகளில் கிடக்கும் ஆண்டு மலர்களையும் விளையாட்டுப் போட்டிப் படங்களையும் படியெடுத்துக் கோப்புறைகளாக அடுக்கும் பணியை ஆறாம் ஆண்டு மாணவரிடம் ஒப்படைக்கலாம். அந்த வட்டுகளும் ஒருநாள் படிக்க முடியாமல் போகும். அதற்குமுன் அவற்றைக் காக்கும் கைகள் நம் வகுப்பறையிலேயே இருக்கின்றன.