அளவெடுப்பது யாரிடம்?

தந்தைக்குச் சட்டை தைப்பதற்கு மைந்தனை நிறுத்தி அளவெடுக்கும் தையற்காரர் எங்கேனும் உளரா? ஆயினும், ‘டிமென்ஷியா’ எனப்படும் மறதி நோயுற்றோருக்குத் துணைக்கருவி செய்ய முற்பட்டோரிற் பலர் இவ்வாறே நடந்து வந்துள்ளனர். மருத்துவரைக் கேட்பர், மக்களைக் கேட்பர், கருவியை அணியப்போகும் முதியவரை மட்டும் கேளார். நினைவு தளர்ந்தவர் எதைச் சொல்லிவிடப் போகிறார் என்பது அவர்தம் எண்ணம்.

இவ்வெண்ணம் தவறென்பதற்கு இங்கிலாந்திலே, நியூகாசில் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் மேற்கொண்டு, 2009ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்ட முயற்சியொன்று சான்றாகும். இந்நோயாளர் வெளியே உலாவச் சென்று வழி தவறுவதுண்டு. இதற்கொரு கருவி காண விழைந்த அவ்வறிஞர்கள், நோயாளரையும் அவரைப் பேணுவோரையும் தொடக்கத்திலேயே அழைத்து உரையாடினர். பின்னர் மாதிரிக் கருவிகளை அவர்களோடு கூடியிருந்தே உருவாக்கித் திருத்தினர்.

அவ்வுரையாடல்களில் வெளிப்பட்டது யாது? பேணுவோர் பெரிதும் வேண்டியது, தீங்கு நேராது என்னும் மன ஆறுதல். நோயாளர் பெரிதும் வேண்டியதோ சுதந்திரம். கருவி அன்றாட வாழ்வோடு இயைந்து போதல் வேண்டும். இருவழியும் தொடர்புகொள்ள உதவுதல் வேண்டும். நோய் மாறுந்தோறும் அதற்கேற்ப மாறவும் வேண்டும். இவற்றை மனத்திற்கொண்டு கைப்பட்டி ஒன்றும் மின்குறிப்பேடு ஒன்றும் மாதிரிகளாக அமைக்கப்பட்டன.

பேணுவோரை மட்டும் கேட்டிருந்தால் விளைவு எத்தகையதாயிருக்கும் என்பதை வாசகர் சிந்திக்க வேண்டும். பூட்டிய கதவும் பாதுகாப்புத் தருவதே. ஆனால், அதன் உட்புறத்தில் இருப்பவருக்கு அது சிறை. பேணுவோரின் அச்சமும் பொய்யன்று. இரவும் பகலும் கண் விழித்துக் காப்பவர் அவரே. எனவே இரு சாராரையும் ஒருங்கே கேட்பதுதான் முறை.

நோயாளரைக் கேட்பதற்குப் பொறுமை வேண்டும். நேற்றைய உரையாடலை அவர் மறந்திருக்கலாம். விருப்பும் வெறுப்பும் அவரைவிட்டு அவ்வளவு விரைவில் அகல்வதில்லை. நீண்ட வினாக்களைத் தொடுப்பதைக் காட்டிலும், பொருளைக் கையிற் கொடுத்து அவர் முகத்தை நோக்குதல் நன்று. ஒருமுறை பெற்ற இசைவு எக்காலத்துக்கும் போதாது. ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்டல் வேண்டும்.

நோயாளர் தமக்காகத் தாமே பேசவும் வல்லர். 2002ஆம் ஆண்டில் ஸ்கொட்லாந்தில், இந்நோயுற்றோரையே உறுப்பினராகக் கொண்ட குழுவொன்று தோன்றித் தம் நிலையை அரசினருக்கும் மருத்துவருக்கும் எடுத்துரைக்கத் தொடங்கியது.

2021ஆம் ஆண்டில் உலகில் 5 கோடியே 70 இலட்சம் மக்கள் இந்நோயோடு வாழ்ந்தனர் என உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. நாளை பொறியியலாளராகவும் மருத்துவராகவும் விளங்கவிருக்கும் மாணவர் இதனை மனத்திற் பதித்தல் வேண்டும். கருவி செய்வது அறிவின் பாற்பட்டது. அது வேண்டுமா எனக் கேட்பது பண்பின் பாற்பட்டது. இல்லத்தில் மறதியுற்ற முதியோரைப் பேணும் அன்பர்களுக்கும் இது பொருந்தும். ஊன்றுகோல் வாங்குவதாயினும், அறையை மாற்றுவதாயினும், முதலில் அவரருகே அமர்ந்து, “உங்களுக்கு எது வசதி?” என வினவுங்கள். விடை வருவதற்குச் சிறிது நேரம் செல்லலாம், காத்திருங்கள்.