எது பாவு, எது ஊடை?

"டிசைன் புதுசா இருக்கணும், ஆனா பழைய மாதிரியே இருக்கணும்!" இந்த உத்தரவைக் கேட்காத இளைஞர் எந்த ஆபீசிலும் இருக்க மாட்டார்.

இப்படிச் சொல்லும் மேலதிகாரிகளை ஒரு வேன் பிடித்துக் காஞ்சிபுரம் அனுப்பலாம் என்பது என் யோசனை. கோயிலுக்கு இல்லை சார், பிள்ளையார்பாளையத்துக்கு. தறி பார்க்க.

அங்கேயும் இதே சிக்கல்தான். காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. பழசை விட முடியாது. கல்யாணப் பெண்ணோ புதுசு கேட்கிறாள். ஆனால் அங்கே டிசைன் வெறும் பேச்சு இல்லை. முதலில் படம். அப்புறம் கட்டம் கட்டமாக கிராஃப் தாள். அதைப் பார்த்து ஜக்கார்டு அட்டையில் ஓட்டை. ஓட்டை இருந்தால் இழை எழும்பும், இல்லாவிட்டால் எழும்பாது. 1804-ல் பிரான்சில் ஜக்கார்டு என்பவர் செய்த ஏற்பாடு. கம்ப்யூட்டருக்குக் கொள்ளுத்தாத்தா! இப்போது படத்தைக் கம்ப்யூட்டரிலேயே போடுகிறார்கள். பேரன் தாத்தாவுக்கு ஒத்தாசை.

படம் போடுபவர், அட்டை குத்துபவர், சாயம் போடுபவர், நெசவாளி... பெரிய டீம்தான். யாருக்கும் தெரியாதது, நாளைக்கு எந்தக் கலர் விற்கும், தங்கம் ஏறினால் ஜரிகை என்ன விலை ஆகும் என்பதுதான். 2020-ல் ஊரடங்கு வந்து கல்யாணங்கள் தள்ளிப்போயின. தறி இருந்தது, ஆள் இருந்தார், வாங்கத்தான் ஆளில்லை. நெசவாளிக்குச் சேலைக்கு இவ்வளவு என்றுதான் கூலி. தறி நின்றால் அடுப்பும் நிற்கும்.

அதனால் வேலை கொடுக்கும் முதலாளி ஒன்றைத் தீர யோசித்து முடிவு செய்கிறார்: பாவு. அதாவது நீளவாட்டு நூல். ஒரு பாவில் வழக்கமாக மூணு சேலை. தறியில் ஏற்றிவிட்டால் அதன் நிறத்தில் கை வைக்க முடியாது. ஆனால் குறுக்கே ஓடும் ஊடையை மாற்றலாம். புட்டாவை மாற்றலாம். முந்தானையை மாற்றலாம். ஒரே பாவில் மூணு சேலையும் மூணு விதமாக வரலாம்!

எனக்கு இதில்தான் மொத்த நிர்வாகப் பாடமும் தெரிகிறது. "நாளைக்கு என்ன நடக்கும்னு எனக்கும் தெரியாதுப்பா" என்று மேலதிகாரி சொன்னால் கௌரவம் ஒன்றும் குறையாது. எது பாவு, எது ஊடை என்பதை மட்டும் வேலை தொடங்கும்போதே சொல்லிவிடட்டும். ஊடையை எத்தனை தடவை மாற்றினாலும் பையன்கள் சிரித்துக்கொண்டே செய்வார்கள்.

பாவையே வாராவாரம் அறுத்தால் சேலை வராது சார், சிக்குதான் வரும். அதைப் பிரித்துவிட்டு வீடு போய்ச் சேர ராத்திரி பத்து மணி ஆகிறது!