மறுத்தவர் சத்தியத்தின் பேரில் பதில் சொல்லட்டும்



கடையில் தீப்பிடித்தாலும் கிடங்கில் வெள்ளம் புகுந்தாலும் நம்மைத் தேடி வருகிறவர் சர்வேயர். வந்து சுற்றிப் பார்ப்பார். நாம் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, "ரிப்போர்ட் அனுப்பி விடுகிறேன்" என்று போய்விடுவார். பல மாதம் கழித்து நாலு வரியில் ஒரு கடிதம் வரும். பாலிசியின் இன்ன விதிப்படி உங்கள் கிளெய்மை ஏற்பதற்கில்லை என்று அதில் இருக்கும். அந்த முடிவை எடுத்தவர் யார், எதைப் பார்த்து எடுத்தார், யார் சொல்லி எடுத்தார் என்பது நமக்குத் தெரியாது. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள நமக்கு உரிமை உண்டு என்பதும் நம்மில் பலருக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் இக்கட்டுரை.

எங்களுக்கு நேர்ந்ததையே சொல்கிறோம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னைப் புறநகரில் இருந்த எங்கள் பருப்புக் கிடங்கில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. அடி வரிசை மூட்டைகள் ஊறிப் போயின. தண்ணீர் வடிந்த சில நாளில் மேல் வரிசைகளிலும் ஈரம் ஏறிப் பூஞ்சை பிடித்தது. பருப்பு வியாபாரம் செய்கிற எவருக்கும் இது புதிதல்ல. ஆனால் சர்வேயர் அடி வரிசைகளை மட்டும் எண்ணிக் கணக்குப் போட்டார். நாங்கள் கேட்டதில் மூன்றில் ஒரு பங்குக்கு வவுச்சர் வந்தது. முழுத் தொகையும் பெற்றுக்கொண்டோம் என்று கையெழுத்துப் போட்டால்தான் பணம். "வந்ததை வாங்கிப் போட்டுவிட்டுத் தொழிலைப் பார்க்கலாம் அண்ணே" என்றார் எங்கள் தம்பி. மனம் ஒப்பவில்லை. மாவட்ட நுகர்வோர் மன்றத்துக்குப் போனோம்.

அங்கே நாங்கள் ஒரு பிரமாண வாக்குமூலம் கொடுத்தோம், அவர்கள் ஒன்று கொடுத்தார்கள். வாய்தா மேல் வாய்தா. கடைசியில் எங்கள் வக்கீல் ஒரு மனுப் போட்டார். சர்வேயரிடமும் கிளெய்மைக் கவனித்த அதிகாரியிடமும் எழுத்து மூலம் கேள்வி கேட்க அனுமதி வேண்டும் என்பதே மனு. மன்றம் அனுமதித்தது. கிடங்குக்குள் எவ்வளவு நேரம் இருந்தீர்கள்? மேல் வரிசையில் எந்த மூட்டையைப் பிரித்தீர்கள்? ஈரப்பதம் பார்க்கும் கருவி கொண்டு வந்தீர்களா? அறிக்கையை எத்தனை முறை திருத்தினீர்கள்? திருத்தச் சொன்னது யார்? கேள்விகள் அவ்வளவுதான்.

பொய் சொன்னால் தண்டனை உண்டு என்று தெரிந்து எழுதிய பதில் வேறு மாதிரி இருந்தது. மேல் வரிசையில் ஒரு மூட்டையும் பிரிக்கவில்லை என்று சர்வேயர் ஒப்புக்கொண்டார். முதல் அறிக்கையில் தொகை கூடுதலாக இருந்ததும், அலுவலகத்திலிருந்து கடிதம் போன பிறகு அது குறைந்ததும் வெளியே வந்தன. கேட்டது முழுவதும் கிடைத்ததென்று சொல்ல மாட்டோம். பெரும் பகுதி வட்டியோடு கிடைத்தது.

இது யாரும் போட்ட பிச்சை அல்ல. சாட்சியை வரவழைக்கவும், சத்தியத்தின் பேரில் விசாரிக்கவும், ஆவணத்தைக் கொண்டுவரச் சொல்லவும் நுகர்வோர் ஆணையத்துக்குச் சிவில் கோர்ட்டின் அதிகாரம் உண்டு. 1986ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்தது. இன்று நடப்பில் உள்ள 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் 38ஆம் பிரிவிலும் இருக்கிறது. எழுத்து மூலம் கேள்வி கேட்டுப் பிரமாணப் பதில் வாங்கலாம், தேவைப்பட்டால் வீடியோ மூலமும் குறுக்கு விசாரணை செய்யலாம் என்று 2002இல் ஒரு மருத்துவ வழக்கில் உச்ச நீதிமன்றமே வழி காட்டியிருக்கிறது.

அமெரிக்காவில் இது அன்றாட நடைமுறை. வழக்கு விசாரணைக்கு வருமுன்பே கிளெய்மைக் கவனித்த ஊழியரை உட்கார வைத்து, சத்தியம் வாங்கி, வக்கீல் கேள்வி கேட்பார். ஒவ்வொரு சொல்லும் பதிவாகும். ஒருவரை ஒரு நாளில் ஏழு மணி நேரம் வரை கேட்கலாம் என்பது அங்குள்ள மத்திய நீதிமன்ற விதி. "எனக்குத் தெரியாது, மேலதிகாரிக்குத்தான் தெரியும்" என்று கம்பெனி நழுவ முடியாது. கம்பெனி சார்பில் விவரம் சொல்லக்கூடிய ஆளை அவர்களே அனுப்பியாக வேண்டும். 1973இல் க்ரூன்பெர்க் என்ற உணவு விடுதிக்காரரின் தீவிபத்து வழக்கில், இன்சூரன்ஸ் கம்பெனி தன் பாலிசிதாரரிடம் நல்லெண்ணத்தோடு நடந்துகொள்ளக் கடமைப்பட்டது, தவறினால் தனியாக நஷ்டஈடு கேட்கலாம் என்று கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் சொன்னது. நல்லெண்ணம் இருந்ததா என்பதைக் காகிதம் சொல்லாது. முடிவு எடுத்தவரைக் கேட்டால்தான் தெரியும். அதனால்தான் அங்கே அவரைக் கேட்கிறார்கள்.

நம் நாட்டிலும் தீர்ப்புகள் நமக்குத் துணையாகவே உள்ளன. வவுச்சரில் கையெழுத்துப் போட்டதாலேயே உரிமை போய்விடாது, வற்புறுத்தி வாங்கியதை நிரூபித்தால் மீதியைக் கேட்கலாம் என்றது 1999. சர்வேயர் அறிக்கை வேதவாக்கு அல்ல என்றது 2009. மறுப்புக் கடிதத்தில் சொல்லாத காரணத்தைப் பிறகு கோர்ட்டில் புதிதாகச் சொல்லக் கூடாது என்றது 2019. இன்சூரன்ஸ் என்பது நஷ்டத்தை ஈடுகட்டத்தானே தவிர லாபம் சம்பாதிக்க அல்ல, ஆகவே வியாபாரியும் நுகர்வோரே என்றது 2023. நான்கும் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள்.

ஆனால் ஒன்று. சத்தியம் இரு பக்கமும் வெட்டும் கத்தி. அவர்களைக் கேட்டால் அவர்களும் நம்மைக் கேட்பார்கள். வங்கிக்குக் கொடுத்த ஸ்டாக் கணக்கு ஒன்று, ஜி.எஸ்.டி.யில் காட்டியது ஒன்று, கிளெய்மில் எழுதியது ஒன்று என்று இருந்தால் நாம் வாயே திறக்க முடியாது. பிரீமியத்தை மிச்சம் பிடிக்கச் சரக்கின் மதிப்பைக் குறைத்துக் காட்டியிருந்தாலும் நஷ்டஈடு அதே விகிதத்தில் குறையும். அது நாமே தேடிக்கொண்டது. கேள்வி கேட்க வேண்டுமானால் முதலில் நம் கணக்கு நேராக இருக்க வேண்டும்.

சர்வேயர் வந்த நாள், நேரம், அவர் பார்த்தது, பார்க்காதது எல்லாவற்றையும் அன்றே எழுதி அவருக்கும் கம்பெனிக்கும் ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். அறிக்கையின் நகலை எழுத்து மூலம் கேளுங்கள். கிளெய்ம் மறுக்கப்பட்டால் இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும், காத்திருந்து கோட்டை விடாதீர்கள். வழக்குப் போட்டால், கேள்வி கேட்க மனுப் போடும்படி வக்கீலிடம் நீங்களே சொல்லுங்கள்.

நம் சங்கமும் ஒரு மாதிரிக் கேள்விப் பட்டியல் தயாரித்து அலுவலகத்தில் வைக்கலாம். எங்கள் வழக்கில் கேட்ட கேள்விகளைத் தரத் தயாராக இருக்கிறோம். வருடா வருடம் தவறாமல் பிரீமியம் கட்டுகிறவர்கள் நாம். நஷ்டப்பட்ட நாளில் ஏன் இல்லை என்று கேட்கவும், அதற்கு உண்மையான பதிலைப் பெறவும் நமக்கு முழு உரிமை உண்டு.