கல்யாணப் புடவைக்குக் கடல் கடக்கலாமா?

சிங்கப்பூரில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் திருமணம் நிச்சயமானால், மண்டபத்துக்கு முன்பணம் கட்டிய கையோடு அடுத்த பேச்சு தொடங்கிவிடும்: "சென்னைக்கு எப்போது போகலாம்?" பாட்டி, அத்தை, சித்தி எல்லாரும் பட்டியல் எழுத உட்காருவார்கள். தை மாதத் திருமணம் என்றால் ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை வசதியாக அமையும். பிள்ளைகளையும் அழைத்துச் செல்வார்கள். பை தூக்க ஆள் வேண்டுமே!

இந்தப் பயணத்தை நான் எதிர்க்கவில்லை. ஆனால், "அங்கே எல்லாம் மலிவு, போனால் பணம் மிச்சம்" என்று காரணம் சொல்லிக்கொண்டு போவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. கணக்குப் போட்டால் அந்தக் காரணம் பெரும்பாலும் நிற்பதில்லை என்பது என் கருத்து.

போட்டே பார்ப்போம். இங்கே 300 வெள்ளிக்கு விற்கும் புடவை சென்னையில் 200 வெள்ளிக்குக் கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு புடவைக்கு 100 வெள்ளி மிச்சம். நால்வர் போய்வர விமானச் சீட்டு, விடுதி, வாடகைக் கார், சாப்பாடு எல்லாம் சேர்த்து 3,000 வெள்ளி ஆவதாகக் கொள்வோம். அந்தச் செலவை ஈடுகட்டவே 30 புடவைகள் வாங்க வேண்டும். சரி, வாங்கிவிட்டோம். அவற்றின் விலை 6,000 வெள்ளி. சாங்கி விமான நிலையத்தில் இறங்கியதும் இன்னொரு கணக்கு காத்திருக்கிறது. 48 மணி நேரமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்பும் சிங்கப்பூரர் ஒருவருக்கு, 500 வெள்ளி வரை மதிப்புள்ள பொருள்களுக்கே பொருள், சேவை வரியிலிருந்து விலக்கு உண்டு. நால்வருக்கு 2,000 வெள்ளி. மீதமுள்ள 4,000 வெள்ளிக்கு 9 விழுக்காடு வரி, அதாவது 360 வெள்ளி, கட்ட வேண்டும். "பரிசு கொடுக்கத்தான் வாங்கினேன்" என்று சொன்னாலும் வரி வரிதான். மிச்சம் பிடிக்கப் போனவர் 360 வெள்ளியைக் கூடுதலாகச் செலவழித்துவிட்டு வந்திருக்கிறார்!

முப்பது புடவைகளை யார் வாங்குவார்கள் என்று நீங்கள் சிரிக்கலாம். என் சித்தி மகளின் திருமணத்துக்காக நாங்கள் சென்னை சென்றபோது, பட்டியலில் முதலில் பதினொரு புடவைகள்தாம் இருந்தன. தியாகராய நகர் உஸ்மான் சாலையில் மூன்றாவது கடையைவிட்டு வெளியே வந்தபோது அந்த எண்ணிக்கை இருபத்து நான்கு ஆகியிருந்தது. "இந்த விலைக்குச் சிங்கப்பூரில் கிடைக்குமா? பெரியம்மா மருமகளுக்கும் ஒன்று எடுத்துவிடுவோம்" என்றார் சித்தி. அடுத்து, பக்கத்து வீட்டு ஆண்ட்டியின் பெயர் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் எதையும் கேட்கவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். அக்காவும் மாப்பிள்ளையும் அப்போது தங்கள் முதல் வீவக வீட்டுக்குப் பணம் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். கடையின் ஓரத்தில் நின்று அக்கா கைப்பேசியில் கூட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. கல்யாணப் பெண் செலவைப் பற்றிப் பேசினால் நன்றாக இருக்காதாம்.

மலிவு என்று நினைத்துவிட்டால் தேவை தானாக வளர்கிறது. ஒரு பொருள் விலை கூடியது என்றால் இரண்டு முறை யோசிக்கிறோம். மலிவு என்றால் ஒருமுறைகூட யோசிப்பதில்லை. அந்த ஒவ்வொரு 200 வெள்ளியும் அக்காவின் வீட்டுக் கதவாகவோ சமையலறை அலமாரியாகவோ ஆகியிருக்க வேண்டிய பணம்.

ஆனால், நான்காம் நாள் காஞ்சிபுரத்துக்குப் போனோம். சென்னையிலிருந்து ஏறத்தாழ 75 கிலோமீட்டர். அந்த ஒரு நாளுக்காக எவ்வளவு செலவழித்தாலும் தகும் என்று நினைக்கிறேன்.

அங்கே பிள்ளையார்பாளையத்தில் நெசவாளர் ஒருவரின் வீட்டுக்குச் சென்றோம். முன்னறையில் குழித்தறி. தறிக்காரர் குழியில் கால்களை இறக்கி அமர்ந்து நெய்கிறார். புடவையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் தனித்தனி ஊடை நூலால் நெய்து, அவை சந்திக்கும் இடத்தில் ஒன்றோடொன்று பின்னிச் சேர்க்கிறார்கள். இதற்குக் கோர்வை என்று பெயர். இதற்கு ஒரே நாடா போதாது, மூன்று நாடாக்கள் வேண்டும். மறுபக்கத்துக் கரைக்கு நாடாவைத் தள்ள இன்னொருவர் உடன் அமர வேண்டும். அந்த வீட்டில் அவருடைய மனைவி அமர்ந்திருந்தார். வேலைப்பாட்டைப் பொறுத்து ஒரு புடவைக்குப் பத்துப் பதினைந்து நாளாவது ஆகுமாம். சரிகையைப் பற்றியும் அங்கேதான் தெரிந்துகொண்டேன். அசல் சரிகை முழுத் தங்கம் அன்று. பட்டு நூலின்மேல் மெல்லிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதன்மேல் தங்க முலாம் பூசியது.

சித்திக்குத் தறியில் இருந்த புடவை பிடித்துவிட்டது. "இதையே எங்களுக்குக் கொடுத்துவிடுங்களேன், கடை விலையைவிடக் கொஞ்சம் குறைத்து" என்றார்.

தறிக்காரர் சிரித்தார். "இது என்னுது இல்லம்மா, சங்கத்துது. எனக்குக் கூலிதான்."

பிறகு நெசவாளர் கூட்டுறவுச் சங்கக் கடையில் அக்காவுக்கு முகூர்த்தப் புடவை எடுத்தோம். அங்கே பேரம் கிடையாது. சித்தி வாய் திறப்பதற்கு முன்பே பாட்டி, "அவங்க கூலியில கை வைக்காதே" என்று தடுத்துவிட்டார்.

காஞ்சிபுரப் பட்டு 2005–06இல் புவிசார் குறியீடு பெற்றது. இருந்தாலும், 'காஞ்சிப் பட்டு' என்ற பெயரில் விசைத்தறிப் புடவைகளும் விற்பனையாகின்றன. 'சில்க் மார்க்' முத்திரை இருந்தால் பட்டு அசலானது என்று நம்பலாம். ஆனால், அது கையால் நெய்யப்பட்டதா, சரிகை அசலா என்பதற்கு அந்த முத்திரை உறுதி அளிக்காது. தறியை நேரில் பார்த்தவர் கரையும் உடலும் சேரும் இடத்தைப் புரட்டிப் பார்த்துக் கேள்வி கேட்பார். இப்போது அக்கா அப்படித்தான் கேட்கிறார். உஸ்மான் சாலையில் மூன்று நாள் சுற்றியும் எங்களில் எவருக்கும் அந்த அறிவு வரவில்லை.

ஆகவே, முகூர்த்தப் புடவைக்குக் காஞ்சிபுரம் போகலாம் என்பேன். மற்றவற்றை இங்கேயே வாங்கலாம். நகையை எடுத்துக்கொள்ளுங்கள். 916 தங்கம் என்றால் எந்த நாட்டிலும் 91.6 விழுக்காடு தங்கம்தான். கடைக்குக் கடை பெரிதும் வேறுபடுவது செய்கூலியும் சேதாரமும். வளையல் கை கொள்ளவில்லை என்றாலோ சங்கிலியின் கொக்கி உடைந்தாலோ சிராங்கூன் சாலைக்குப் பேருந்தில் போய்விடலாம், சென்னைக்குப் போக முடியுமா? ரவிக்கைக்கு இது இன்னும் பொருந்தும். ஊர் திரும்பும் நாளுக்கு முன்னால் அவசரமாகத் தைத்து வாங்கும் ரவிக்கை, இங்கே வந்ததும் தையற்காரரிடம் மறுபடி போகிறது. மாலை, தாம்பூலத் தட்டு, மஞ்சள், குங்குமம் எல்லாம் தேக்கா வட்டாரத்திலேயே கிடைக்கின்றன.

நமக்கு வசதி என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. லிட்டில் இந்தியா 1989இல் பாதுகாப்பு வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள பழைய கட்டடங்களைச் சட்டம் காக்கும். ஆனால், அவற்றினுள் இருக்கும் கடைகளைச் சட்டம் காக்காது. வாங்க வருகிறவர்கள்தாம் காக்க வேண்டும். பொங்கலுக்குக் கரும்பும் வெள்ளிக்கிழமைக்குப் பூச்சரமும் வாங்க மட்டும் அங்கே போய்விட்டு, பெரிய செலவை எல்லாம் விமானத்தில் கொண்டுபோனால் அந்தக் கடைக்காரர்கள் எப்படி வாடகை கட்டுவார்கள்?

இதையெல்லாம் பாட்டியிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நான் என்ன புடவைக்காகவா போனேன்? என் தங்கச்சிக்குக் கையில பத்திரிகை வைக்க வேண்டாமா?" என்றார். பாட்டியின் தங்கை தஞ்சாவூரில் இருக்கிறார். இருவரும் சந்தித்துப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. ஆனால், கடை கடையாக ஏறி இறங்கியதில் நாள்கள் போய்விட, தஞ்சாவூரில் ஓர் இரவுதான் தங்க முடிந்தது.

பாட்டி சொல்வது சரியான காரணம். அந்தச் செலவை மிச்சக் கணக்கில் எழுத வேண்டியதே இல்லை. அடுத்து என் அண்ணன் திருமணம் வருகிறது. தஞ்சாவூருக்கு நான்கு நாள், காஞ்சிபுரத்துக்கு ஒரு நாள் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன். உஸ்மான் சாலைக்கு அரை நாள் போதும்.