சூப்புக்குள்ளே ஒரு புராஜெக்ட்!



நாட்டைத் திருத்துவது எப்படி என்று எழுத இந்த மலரில் ஆள் நிறைய உண்டு. நான் எழுத வந்தது கோழி நூடுல்ஸ் சூப்பைப் பற்றி. பக்கத்தைத் திருப்பிடாதீங்க! இது வயிறு சம்பந்தப்பட்ட விஷயம். நம்ம வயிறு மட்டுமில்லை, நம்ம மாவட்டத்து விவசாயியின் வயிறும் இதில் இருக்கிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உலர்த்திய காய்கறி என்பது பாக்கெட்டில் வரும் வெளிநாட்டுச் சமாச்சாரமும் இல்லை, பாட்டி காலத்துப் பழசும் இல்லை. அது சுத்தமான இன்ஜினியரிங். அதை டிப்ளமோ படிக்கிற நாம் கையில் எடுக்கவில்லை என்றால் வேறு யாரும் எடுக்கப் போவதில்லை.

அதியமான்கோட்டையில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் எங்களைப் போன்ற பசங்களின் ராத்திரிச் சாப்பாடு என்னவென்று உங்களுக்கே தெரியும். டிராயிங் ஷீட் முடியவில்லை, மறுநாள் யூனிட் டெஸ்ட், அரியர் வேறு. பத்து மணிக்கு மேல் பசிக்கும். தண்ணி கொதிக்க வை, பாக்கெட்டைப் பிரி, மசாலாவைத் தூவு, இரண்டு நிமிஷம்! அதில் மைதாவும் உப்பும் உண்டு. காய் என்று பெயருக்கு நாலு பொட்டு மிதக்கும். வாரம் ஒருநாள் என்றால் குற்றமில்லை. வாரம் ஐந்து நாள் என்றால் உடம்பு என்னாவது?

ஆனால் அந்தப் பாக்கெட்டைக் கண்டுபிடித்தவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அவர்கள் கதை நமக்குப் பாடம். 1880-களில் சுவிட்சர்லாந்தில் ஆலை வேலைக்குப் போன பெண்களுக்குச் சமைக்க நேரமில்லை. தொழிலாளர் குடும்பங்கள் சத்தில்லாமல் வாடின. மாவுமில் நடத்திய ஜூலியஸ் மேகி, பயறு வகைகளை அரைத்து, வெந்நீரில் கரைத்தால் சூப் ஆகும்படி ஒரு பொடி செய்தார். நம்ம ஊரில் 1983-ல் நூடுல்ஸ் பாக்கெட்டில் வந்த பெயர் அவருடையதுதான். 1958-ல் ஜப்பானில் மொமொஃபுகு ஆண்டோ என்ற மனிதர், வீட்டுக்குப் பின்னாலிருந்த ஒரு கொட்டகையில் மாதக்கணக்கில் மல்லுக்கட்டி உடனடி நூடுல்ஸைக் கண்டுபிடித்தார். நூடுல்ஸை எண்ணெயில் பொரித்தால் உள்ளே இருக்கும் தண்ணி ஆவியாகிப் போய்விடும், அது போன இடத்தில் நுண்ணிய துளைகள் இருக்கும், வெந்நீர் ஊற்றினால் அந்தத் துளை வழியே தண்ணி திரும்பப் புகும். அவ்வளவுதான் ரகசியம். அவர் முதலில் விற்றது எந்த ருசி தெரியுமா? கோழி! ஆக, கொட்டகையில் பிறந்த கோழி நூடுல்ஸ் சூப்புதான் இன்று உலகத்தையே சுற்றுகிறது.

நம்ம ஊரில் இந்த வித்தை இல்லையா? கொத்தவரங்காய் வற்றல், கத்தரி வற்றல், சுண்டைக்காய் வற்றல், மணத்தக்காளி வற்றல், மோர் மிளகாய், வடகம், கருவாடு, உப்புக்கண்டம்... பட்டியல் போட்டால் மலர் பத்தாது. நம்ம அம்மாக்கள் கொத்தவரங்காயை உப்புத் தண்ணியில் ஒரு கொதி விட்டு எடுத்துக் காயவைப்பாங்களே, ஏன்? காயில் இருக்கும் என்சைம்களைச் சூட்டில் அடக்கத்தான். அடக்காவிட்டால் டப்பாவுக்குள் போன பிறகும் அவை வேலை செய்து நிறத்தையும் மணத்தையும் கெடுக்கும். புத்தகம் இதை 'பிளாஞ்சிங்' என்று சொல்கிறது. அம்மா 'ஒரு கொதி' என்று சொல்கிறார். இரண்டும் ஒன்றுதான்!

இப்போது கணக்குக்கு வாங்க. கேரட்டில் நூற்றுக்கு 88 பங்கு தண்ணி. ஒரு கிலோ கேரட்டில் கெட்டிச் சத்து 120 கிராம்தான். நன்றாகக் காயவைத்தால் ஏறக்குறைய 130 கிராம் வரும். கழிவு போகக் கொஞ்சம் குறையும். ஒரு கிலோ ஒரு டம்ளருக்குள் அடங்கிவிடுகிறது! ஈரம் போய்விட்டால் பூஞ்சணத்துக்கும் பாக்டீரியாவுக்கும் பெருக வழியில்லை. ஃபிரிட்ஜ் வேண்டாம், கரண்ட் வேண்டாம், மூடி இறுகின டப்பா போதும்.

எங்கள் ரூமில் ஏப்ரல் வெயிலில் செய்கிற முறை இதுதான். கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ் மூன்றையும் சின்னதாக, ஒரே அளவாக நறுக்கணும். ஒன்று தடியாக, ஒன்று மெல்லிசாக இருந்தால் ஒன்று கருகும், ஒன்று பூஞ்சணம் பிடிக்கும். கொதிக்கிற தண்ணியில் மூன்று நிமிஷம். உடனே பச்சைத் தண்ணியில் போட்டு வடிகட்டணும். மொட்டை மாடியில் வெள்ளை வேட்டி விரித்துப் பரப்பி, மேலே கொசுவலை. சாயங்காலம் பனி இறங்குவதற்குள் உள்ளே எடுக்கணும். இரண்டு மூன்று நாளில் கேரட் 'டக்'கென்று ஒடியும். வளைந்தால் இன்னும் காயவில்லை என்று அர்த்தம்.

சூப்புக்கு: ஐந்து பேருக்குக் கோழிக் கழுத்தும் எலும்புமாக அரைக் கிலோ, இரண்டு லிட்டர் தண்ணி, தட்டிய இஞ்சி பூண்டு, பத்துச் சின்ன வெங்காயம், மிளகு, மஞ்சள், உப்பு. குக்கரில் ஐந்தாறு விசில். இன்னொரு பக்கம் 50 கிராம் உலர் காயை வெந்நீரில் இருபது நிமிஷம் ஊற விடணும். ஊறின தண்ணியைக் கொட்டாதீங்க, சத்து அதில்தான் இறங்கியிருக்கும். அப்படியே சூப்பில் ஊத்திடணும். பத்து நிமிஷம் கொதித்ததும் இரண்டு கை நிறைய ராகி சேமியா. ஆமாம், நூடுல்ஸுக்குப் பதில் ராகி சேமியா! களி தின்று வளர்ந்த மாவட்டம் இது, மைதாவுக்கு ஏன் அலையணும்? சேமியா வெந்ததும் இறக்கி, கொத்தமல்லி தூவி, எலுமிச்சை பிழியுங்க. அந்த 50 கிராமில் ஏறக்குறைய 400 கிராம் பச்சைக் காய் இருக்கிறது. எந்தப் பாக்கெட் இதைக் கொடுக்கும்?

"வைட்டமின் போயிடுமே?" என்று ஒரு நண்பர் கேட்பார். நியாயமான கேள்வி. வைட்டமின் சி பெருமளவு போய்விடும். நேர் வெயிலில் காயவைத்தால் கேரட்டின் கரோட்டினும் கொஞ்சம் வெளுக்கும். அதனால்தான் கடைசியில் எலுமிச்சை. நார்ச்சத்தும் தாது உப்புகளும் பெரும்பாலும் தங்கிவிடும். பச்சைக் காய் கிடைக்கிற நாளில் பச்சைக் காயே சாப்பிடுங்க. கிடைக்காத ராத்திரிக்குத்தான் வற்றல். "ஆம்பளைப் பசங்க அடுப்படியில் நிக்கறதா?" என்று இன்னொரு நண்பர் கேட்பார். லேத்தில் நிற்கிற கால் அடுப்படியில் நிற்காதா, என்ன?

இனிதான் விஷயத்துக்கே வருகிறேன். இது வெறும் ரூம் சமையல் குறிப்பு இல்லை.

பாலக்கோடு பக்கத்துத் தோழர்களுக்குத் தக்காளி மண்டி தெரியும். விலை விழுந்த வருஷங்களில் பறிக்கிற கூலிகூடக் கட்டாமல் தக்காளியை ரோட்டோரம் கொட்டினதையும், செடியிலேயே அழுக விட்டதையும், மாட்டுக்குப் போட்டதையும் நாம் பார்த்திருக்கிறோம். 2023 ஜூலையிலோ கிலோ நூறு ரூபாயைத் தாண்டி, அரசாங்கமே சென்னை ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்க வேண்டி வந்தது. ஒரு சமயம் கொட்டுகிறோம், ஒரு சமயம் தவிக்கிறோம். நடுவில் சேமித்து வைக்க ஒரு வழி இல்லை. தக்காளியில் 94 பங்கு தண்ணி. அதாவது லாரி வாடகை கொடுத்து நாம் வெளியூருக்கு அனுப்புவதில் பெரும்பாகம் தண்ணி! 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வரும்வரை ஃபுளோரைடு தண்ணியோடு மல்லுக்கட்டின மாவட்டத்துக்கு இது தேவையா?

"அப்போ எல்லாத் தக்காளியையும் காயவைச்சிடலாமா?" முடியாது. கணக்கே சொல்லும். 100 கிலோ தக்காளியில் ஏறக்குறைய 93 கிலோ தண்ணி ஆவியாகணும். அதற்குச் சுமார் 62 யூனிட் வெப்பம் வேண்டும். நல்ல வெயில் நாளில் ஒரு சதுர மீட்டரில் விழுவது ஐந்து யூனிட் அளவு. உலர்த்தி அதில் கால் பங்கைப் பிடித்தால்கூட, 25 சதுர மீட்டர் இடத்தில் இரண்டு நாள் ஆகும். கிடைப்பது ஆறேழு கிலோ. ஆக ஒரு மொட்டை மாடியால் ஒரு லாரியைக் காப்பாற்ற முடியாது. ஆனால் ஒரு குடும்பம் விற்காமல் மிஞ்சினதைக் காப்பாற்றலாம். ஊருக்குப் பத்து உலர்த்தி இருந்தால் கொட்டுகிற கை கொஞ்சம் யோசிக்கும். குஜராத்தின் மஹுவாவில் வெங்காயத்தை உலர்த்துவதே ஒரு தொழிலாக வளர்ந்து, கப்பலேறி வெளிநாடு போகிறது. அங்கே நடப்பது இங்கே நடக்காதா?

இங்கேதான் நம்ம வேலை. கறுப்புப் பெயிண்ட் அடித்த தகரம், மேலே கண்ணாடி, சூடான காற்று ஏறிப் போகத் தட்டுகள் அடுக்கின ஒரு பெட்டி, உச்சியில் புகைபோக்கி. காய் நிழலில் இருக்கும், சூடு மட்டும் வரும். நிறம் வெளுக்காது, தூசி இல்லை, ஈ இல்லை. சிவில் தோழர்கள் தெற்குப் பார்த்து மேடை கட்டலாம். தருமபுரி 12 டிகிரி அட்சரேகையில் இருப்பதால் கண்ணாடியின் சாய்வும் ஏறக்குறைய அவ்வளவே. எலெக்ட்ரிக்கல் தோழர்கள் சின்ன சோலார் பேனலில் ஒரு ஃபேன் ஓட்டலாம். எலெக்ட்ரானிக்ஸ் தோழர்கள் சூடு 60 டிகிரியைத் தாண்டாமல் சென்சார் வைக்கலாம். ஏன் தாண்டக் கூடாது? அவசரப்பட்டுச் சூட்டை ஏற்றினால் வெளித்தோல் மட்டும் ஓடு மாதிரி இறுகி, உள்ளே ஈரம் சிறைப்பட்டுவிடும். அதற்குப் பெயர் 'கேஸ் ஹார்டனிங்'. மெக்கானிக்கல் தோழர்களே, எஃகுக்குப் படித்த அதே பெயர்தான்!

வழி காட்டவும் இடங்கள் உண்டு. மைசூரில் 1950-லிருந்து மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தஞ்சாவூரில் தேசிய அளவிலான உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. சின்ன உணவுத் தொழில்களுக்கு 2020-ல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டம் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய், மானியம் என்று வைத்தது. அப்படியிருக்க, கடைசி வருஷம் காசு கொடுத்து ரெடிமேட் புராஜெக்ட் வாங்கி, வைவாவில் திருதிருவென்று முழிப்பது ஏன்? நாம் செய்த பெட்டியில் நம்ம அப்பாவின் தக்காளி காயட்டுமே. எந்த எக்ஸ்டெர்னல் வந்து எந்தக் கேள்வி கேட்டாலும் பதில் தானாக வரும்.

கிடைத்தற்கரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவைக்குக் கொடுத்த அதியமானின் பெயரைத் தாங்கிய ஊர் இது. கனியைக் கொடுத்தவன் பெயர் நின்றுவிட்டது. கனியைக் கெடாமல் வைக்கிற வழியை இந்த ஊருக்குக் கொடுக்க வேண்டியது நம்ம முறை. வரும் கோடைக்குள் நம்ம பாலிடெக்னிக் மொட்டை மாடியில் ஒரு உலர்த்தி நிற்கணும் என்று மாணவர் மன்றத்தை இந்த மலர் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். பிளான் வரைய ஷீட் என்னிடம் இருக்கிறது, தகரம் வெட்ட யார் வர்றீங்க?