பழைய ஜிப்சி வச்சிருக்கீங்களா? இந்த ஒரு வரியை மட்டும் அடிக்காதீங்க

முத்தாபுதுப்பேட்டையில இருக்குற நம்ம சேனல் நண்பர் ஒருத்தர், தன்னோட 2009 மாடல் மாருதி ஜிப்சிக்கு வந்த சர்வீஸ் எஸ்டிமேட்டை அனுப்பியிருந்தார். "சார், இதுல எதைக் குறைக்கலாம்? மிச்சத்தை எஸ்.ஐ.பி.யில போட்டுடுறேன்"னு கேள்வி. ஒரு வரியை அவரே அடிச்சும் வச்சிருந்தார்: டிரான்ஸ்பர் கேஸ் ஆயில். காரணம்? "நான் ஃபோர் வீல் போடுறதே இல்லையே!"

என்னைக் கேட்டா, அந்தப் பேப்பர்ல அடிக்கவே கூடாத வரி அதுதான். பாலிஷ், கோட்டிங்னு போட்டிருக்காங்களே, அதை அடிங்க.

ஜிப்சியில கியர்பாக்ஸ் தனி, டிரான்ஸ்பர் கேஸ் தனி. நடுவுல ஒரு குட்டி ஷாஃப்ட். பின் சக்கரத்துக்குப் போற சக்தியே அந்தப் பெட்டி வழியாத்தான் போகுது. நீங்க டூ வீல்ல ஆவடி ஸ்டேஷன் வரைக்கும் போயிட்டு வந்தாலும் உள்ள கியர் சுத்திக்கிட்டேதான் இருக்கும். அது குடிக்கிற ஆயில் ஒரு லிட்டருக்கும் குறைவு. அதனாலயே சீல்ல சின்னக் கசிவு இருந்தாக்கூட சீக்கிரம் வறண்டுடும். எச்சரிக்க டேஷ்போர்டுல லைட்டும் கிடையாது.

நம்ம பக்கம் மழையைச் சொல்லணுமா! 2023 டிசம்பர் மிக்ஜாம் மாதிரி தேங்கின தண்ணியில ஓட்டியிருந்தா கிலோமீட்டர் கணக்கெல்லாம் பார்க்காதீங்க, உடனே திறந்து பாருங்க. ஆயில் பால் காபி நிறத்துல வந்தா உள்ள தண்ணி போயிருக்கு.

இப்போ என் துறைக்கு வரேன். காம்ப்ரிஹென்சிவ் இன்சூரன்ஸ் இருக்கேன்னு நினைக்காதீங்க. தேய்மானத்தாலயும் மெக்கானிக்கல் கோளாறாலயும் வர்ற செலவு அதுல வராது. வியாபாரம் பண்றவர் வண்டி ரிப்பேரைச் செலவுக் கணக்குல காட்டலாம். சம்பளக்காரரான உங்களுக்குச் சொந்த உபயோக வண்டியில அந்த வழியும் இல்ல. பெட்டி போச்சுன்னா முழுத் தொகையும் வரி கட்டின சம்பளத்துலேருந்துதான். ஜிப்சி உற்பத்தியே 2019-ல நின்னுபோச்சு, பாகம் தேடி அலையறது தனி.

இத்தனைக்கும் நம்ம நண்பர் 15 வருஷம் முடிஞ்சதும் ஆர்.சி. புதுப்பிக்க 5,000 ரூபாய் கட்டியிருக்கார். வண்டியை ஓட்டுறதுக்கான உரிமைக்கு அவ்வளவு கொடுத்துட்டு, ஓட வைக்கிற ஆயில்ல சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கிறது எனக்குச் சரியாப் படல. எஸ்.ஐ.பி. அப்படியே ஓடட்டும். பழைய வண்டிக்குன்னு தனியா ஒரு ஆர்.டி. போடுங்க, மாசம் 1,000 ரூபாய் போதும்.

கடைசியா ஒண்ணு, ஒர்க்‌ஷாப்ல பக்கத்துலயே நில்லுங்க. ஆயில் ஊத்துற மேல் பிளக்கை முதல்ல கழட்டச் சொல்லுங்க. அது துருப்பிடிச்சு வரலைன்னா, கீழே இருக்குற டிரெயின் பிளக்கைத் தொடவே விடாதீங்க.