முதலில் நிற்கட்டும், பிறகு ஓடட்டும்



போடிநாயக்கனூரிலும் அதற்கு மேலுள்ள ஏலமலைச் சரிவுகளிலும் சில வீடுகளின் கொட்டகையில், பழைய அம்பாசிடர் காரோ ஜீப்போ தார்ப்பாய் போர்த்தி நிற்பதைக் காணலாம். ஒரு காலத்தில் ஏலக்காய் மூட்டைகளையும் குடும்பத்தையும் சுமந்து மலையேறியவை அவை. நெடுநாள் நின்றுவிட்ட அத்தகைய வண்டியை மீண்டும் ஓட்டுவது எப்படி? போடியில் நாம் நேரில் கண்ட நிகழ்ச்சி ஒன்றே இதற்குத் தக்க விடையாக அமையும்.

ஏலக்காய் வியாபாரம் செய்துவந்த பெரியவர் ஒருவர் காலமாகி எட்டு ஆண்டுகள் ஆகின்றன. அவருடைய 1974-ஆம் ஆண்டு அம்பாசிடர் அன்று முதல் அசையவில்லை. ஆங்கிலேயரின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரை மூலமாகக் கொண்டு, 1957 முதல் 2014 வரை வங்காளத்து உத்தர்பாராவில் உருவான கார் அது. விடுமுறையில் வந்திருந்த மகன், தம் தாயாரை அதே காரில் போடிமெட்டு வழியாகத் தோட்டத்திற்கு அழைத்துச் செல்ல ஆசைப்பட்டார். கையில் இருந்தவை நான்கே நாட்கள். புதிய பாட்டரியை மாட்டிச் சாவியைத் திருப்பினார். எஞ்சின் ஒருமுறை முனகி அடங்கிவிட்டது.

“முந்தல் சாலைச் சரிவு வரை ஜீப்பில் கட்டி இழுத்துப் போவோம். அங்கே உருட்டிவிட்டால் கியரில் பிடித்துக்கொள்ளும்” என்றார் உறவினர் ஒருவர். கயிறும் வந்துவிட்டது.

அப்போது வந்து சேர்ந்த முதிய மெக்கானிக், சக்கரத்தின் அடியில் ஒரு கல்லை வைத்தார். “தம்பி, பிரேக்கை ஒருமுறை மிதியுங்கள்” என்றார். மிதித்த கால் தடையின்றித் தரைமட்டும் சென்றது. “இந்த வண்டியையா சரிவில் விடப் போகிறீர்கள்?” என்று கேட்டார். யாரும் பதில் கூறவில்லை. கயிற்றைச் சுருட்டி வைத்தார்கள்.

வாசகர்கள் மனத்தில் பதிக்க வேண்டிய முதற்பாடம் இதுவே. நெடுநாள் நின்ற வண்டி ஓடுமா என்று பார்க்குமுன், அது நிற்குமா என்று பார்க்க வேண்டும். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் இயல்புடையது. அந்த ஈரம் சிலிண்டர்களை உள்ளிருந்தே துருப்பிடிக்கச் செய்யும். ரப்பர் அடைப்பான்கள் இறுகி, எண்ணெய் கசியும். அக்கால வண்டிகள் பலவற்றில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே எண்ணெய் வழிதான். ஓரிடத்தில் கசிந்தாலும் நான்கு பிரேக்குகளும் கைவிடும். கொண்டையூசி வளைவுகள் நிறைந்த மலைப்பாதையில் அதன் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே சக்கர டிரம்களைக் கழற்றிப் பார்த்து, பழுதான உறுப்புகளையும் எண்ணெயையும் மாற்றுவதே முதல் வேலை.

இரண்டாவது, எஞ்சினை எழுப்பும் முறை. எடுத்த எடுப்பில் சாவியைத் திருப்புவது தவறு. ஆண்டுக்கணக்கில் நின்ற எஞ்சினின் சிலிண்டர் சுவர்களில் எண்ணெய்ப் பசை இராது. பிஸ்டன் வளையங்கள் ஒட்டிக்கொண்டிருக்கவும் கூடும். மெக்கானிக் நான்கு பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் சிறிதளவு எஞ்சின் ஆயில் விட்டு ஓரிரவு ஊறவைத்தார். பழைய ஆயிலை வடித்துப் புதியது ஊற்றினார். மறுநாள் கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்டிலைக் கொண்டு கையாலேயே மெல்லச் சுழற்றினார். தடையில்லை என்று தெளிந்த பின்னரே ஸ்டார்ட்டரை நாடினார்.

இவற்றோடு ஏர் ஃபில்டரையும் திறந்து பார்த்தார். உள்ளே எலி ஒன்று பஞ்சும் வைக்கோலும் கொண்டு கூடு கட்டியிருந்தது. எலி குடிபுகுந்த வண்டியில் மின்கம்பிகளையும் முழுவதும் சோதிப்பது அவசியம். உறை கடிபட்ட கம்பி ஒன்றே வண்டியைத் தீக்கிரையாக்கப் போதும்.

அதன்பின் எழும் கேள்விகள் இரண்டே: தீப்பொறி வருகிறதா? பெட்ரோல் வருகிறதா? தீப்பொறி வரவில்லை. டிஸ்ட்ரிபியூட்டரில் உள்ள பாயிண்டுகளின் மீது ஈரத்தால் மெல்லிய படலம் படிந்திருந்தது. நுண்ணிய உப்புத்தாளால் அதைத் தேய்த்தெடுத்து, இடைவெளியை அங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்காகவும், பிளக்கின் இடைவெளியை 25 பங்காகவும் சரிசெய்தார். பொறி பளிச்சென்று வந்தது.

டாங்கியிலிருந்த பழைய பெட்ரோலில் வார்னிஷ் வாடை வீசியது. அதை வடித்துக் கழுவி, கார்பரேட்டரையும் சுத்தம் செய்து, அதன் மிதவை அறையை நிரப்பி மூடினார். எஞ்சின் பிடித்தது, சில விநாடிகளில் நின்றுவிட்டது. மிதவை அறையில் இருந்தது தீர்ந்ததும் நின்றமையால், குறை பெட்ரோல் பம்பில் என்பது புலனாயிற்று. பிரித்தபோது அதன் டயாப்ரம் இறுகிக் கிழிந்திருந்தது. இன்றைய பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்திருப்பதால், அதைத் தாங்கும் டயாப்ரமும் குழாய்களுமே தேவை. பழைய ரப்பர் அதில் விரைவில் கெடும்.

இவ்விடத்தில் இரண்டு எச்சரிக்கைகள். ஓடும் எஞ்சினின் கார்பரேட்டர் வாயில் பெட்ரோலை ஊற்றலாகாது; எஞ்சின் திருப்பி உமிழ்ந்தால் தீப்பற்றும். மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓட்டலாகாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு மணமின்றி உயிரைக் குடிக்கும்.

உறுப்புகள் வந்து சேருமுன் மகனின் விடுமுறை முடிந்துவிட்டது. அவர் மிகவும் மனம் வருந்தினார். தாயாரோ, “உன் அப்பா இறக்கத்தில் ஒருநாளும் அவசரப்பட்டதில்லை, ஐயா. நீயும் அப்படியே இரு” என்று கூறி வழியனுப்பினார்.

இரண்டு திங்கள் கழித்து அவர் மீண்டும் வந்தார். அதற்குள் பதிவுச் சான்று, காப்பீடு, புகைச் சான்று யாவும் புதுப்பிக்கப்பட்டிருந்தன. முதல் நாள் தேனி வரை சமதளச் சாலையில் மட்டுமே ஓட்டினார். வழியில் பலமுறை நிறுத்தி, டிரம்களின் சூட்டையும் எண்ணெய்க் கசிவையும் சோதித்தார். மறுநாள் காலை, தாயாரை முன்இருக்கையில் அமர்த்திக்கொண்டு மலையேறினார். மாலையில் இருவரும் நலமாக வீடு திரும்பினர்.

உங்கள் கொட்டகையிலும் அத்தகைய வண்டி இருக்குமாயின், அதன் சக்கரத்தடியில் முதலில் ஒரு கல்லை வையுங்கள். மற்றவற்றை நிதானமாகத் தொடங்கலாம்.